வாசகர் கேள்வி – பதில்: நிலக்கரி வியாபாரியின் மகன்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, போகிறபோக்கில் தந்தை கார்டைன் பெயரைச் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பதினாறு வயதில் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கப் போனவன் நான். அதே வருடம் எங்கள் கோவில் பங்கில், அவர் தொடங்கிய இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்தேன். இப்போது வயது 72. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை நிற்காது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் உண்டு.

கேள்வி: எங்கள் பங்கு மண்டபத்தில் கண்ணாடி போட்ட ஒரு குருவின் பழைய படம் தொங்குகிறது. அடியில் ‘கார்டைன்’ என்று மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார் அவர்? — ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: டீச்சர், பிள்ளைகளுக்குச் சொல்வதானால் ஓர் இரவிலிருந்து ஆரம்பியுங்கள்.

பெல்ஜியம் நாட்டில், பிரஸ்ஸல்ஸ் பக்கம், ஹாலே என்ற சிற்றூர். ஜோசப் கார்டைன் என்ற பையனுக்குப் பதின்மூன்று வயதுபோல. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அந்த ஊரில் ஏழை வீட்டுப் பையன் அடுத்துப் போக வேண்டிய இடம் ஆலைதான். அப்பா சிறிய அளவில் நிலக்கரி வியாபாரம் செய்தவர், அம்மா முன்பு வீட்டுவேலை செய்தவர். பையனும் சம்பாதிக்க ஆரம்பித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று இருவரும் காத்திருந்தார்கள். அன்று இரவு தம்பி தங்கைகள் தூங்கியபிறகு, ஜோசப் வெறுங்காலோடு மாடிப்படி இறங்கி வந்தான். அடுப்பருகே உட்கார்ந்திருந்த அப்பாவிடம், தான் இன்னும் படிக்க வேண்டும், குருவாக வேண்டும் என்று கேட்டான். உழைத்து உழைத்து ஓய்ந்துபோயிருந்த அந்த மனிதர், இன்னும் கொஞ்சம் பாடுபடுவோம் என்று அம்மாவிடம் சொல்லிச் சம்மதித்தார். கார்டைன் கர்தினால் ஆன பின்பும் இந்த இரவைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை.

அவர் பிறந்தது 1882 நவம்பரில். அதற்கு ஏழு வருடம் கழித்துத்தான், 1889இல், பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஆலையில் வைக்கக் கூடாது என்று பெல்ஜியத்தில் சட்டமே வந்தது. அந்தச் சட்டமும் பன்னிரண்டு வயதுப் பையனை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம் என்று விட்டுவிட்டது. ஜோசப்போடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பையன்கள் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போனார்கள். ஜோசப் குருமடத்துக்குப் போனார்.

விடுமுறைக்கு ஊர் வந்தபோதுதான் அடி விழுந்தது. பழைய கூட்டாளிகளைத் தேடிப் போனார். அவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றுவரை ஒன்றாக விளையாடியவர்கள், அவரை எதிர்ப்பக்கத்து ஆளாகப் பார்த்தார்கள். குருக்கள் முதலாளிமாரோடு இருப்பவர்கள், நீயும் இனி அவர்களில் ஒருவன். அவர்கள் பார்வையில் இருந்தது இதுதான். படிப்பில் தன்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்த பையன்கள், இரண்டு மூன்று வருடத்தில் நம்பிக்கையும் கலகலப்பும் இழந்து வேறு ஆட்களாகிப் போனதைக் கண்ணால் கண்டார். யார் அவர்களை இப்படி ஆக்கியது என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

1903இல் அப்பா இறக்கும் தறுவாயில் இருக்கிறார் என்று செய்தி வந்து ஓடினார். தன் படிப்புக்காகவே தேய்ந்துபோன அந்த உடலின் பக்கத்தில் நின்று, தன் வாழ்நாள் முழுவதும் தொழிலாளருக்கே என்று சபதம் செய்தார். 1906 செப்டம்பரில் குருவானார்.

உங்கள் பிள்ளைகளில் சிலர் பத்தாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போகப்போகிறவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு இந்த இரவையும் சொல்லுங்கள், அந்த விடுமுறையையும் சொல்லுங்கள். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால், படித்து முன்னேறிய ஒரு பையனின் கதையாக அது சுருங்கிவிடும்.

கேள்வி: அந்த இயக்கம் பையன்களுக்காகத் தொடங்கியது என்று படித்தேன். பெண்களைப் பற்றி அவர் யோசித்தாரா? — தையல் ஆலைத் தொழிலாளி, திண்டுக்கல்

பதில்: தங்கச்சி, நீங்கள் படித்தது தலைகீழாக இருக்கிறது. அவர் முதலில் கால் வைத்ததே பெண்கள் நடுவில்தான்.

குருவான உடனே லூவேன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். பிறகு சில வருடம் சிறுகுருமடத்தில் ஆசிரியர் வேலை. 1911இல் இங்கிலாந்து போய், கப்பல்துறைத் தொழிலாளர் தலைவர் பென் டில்லட் போன்றவர்களைச் சந்தித்து, அங்கே சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வந்தார். 1912இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் லாக்கன் பங்குக்கு உதவிப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். லாக்கனில் பெல்ஜிய அரசரின் அரண்மனை இருக்கிறது. அதே லாக்கனில் தொழிலாளர் குடியிருப்புகளும் இருந்தன. பங்குத்தந்தை அவரிடம் ஒப்படைத்தது பெண்கள் பணியை.

தெருத்தெருவாக, வீடு வீடாக ஏறி இறங்கினார். தையல் வேலை செய்கிற பெண்கள், பட்டறைக்குப் போகிற பதினான்கு பதினைந்து வயதுச் சிறுமிகள், இவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். லியேஜ் நகரில் தையல் பெண்களை ஏற்கனவே சங்கமாகத் திரட்டியிருந்த விக்டுவார் காப் என்ற பெண்மணி அவருக்குப் பெரிய துணை. ஆண்பிள்ளைகளின் குழு இதற்குப் பிறகு, பெர்னான் டோனே என்ற இளைஞர் வந்து சேர்ந்தபோது உருவானது. போல் கார்சே, ஜாக் மேர்ட் என்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். இந்த மூன்று பெயர்களும் சரித்திரத்தில் ‘நிறுவியவர்கள்’ என்று அச்சாகிவிட்டன. லாக்கன் தையல்காரப் பெண்களின் பெயர்கள் அந்த அளவுக்கு அச்சாகவில்லை. நீங்கள் படித்தது அதனால்தான் அப்படி இருந்தது. எனக்கு இது நெடுநாள் வருத்தம்.

கேள்வி: சம்பளம் கேட்கத் தொழிற்சங்கம் இருக்கிறது. ஜெபிக்கக் கோவில் இருக்கிறது. நடுவில் இவர் என்ன புதிதாகச் செய்தார்? இளைஞர்களைச் சங்கத்திலிருந்து பிரித்துக் கோவிலுக்கு இழுத்துப் போகும் வேலையா? — பஞ்சாலைச் சங்க ஊழியர், கோவை

பதில்: தோழர், நேராகக் கேட்டதற்கு நன்றி. இந்தக் கேள்வியை அவர் காலத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். சோசலிசத் தோழர்கள் நீங்கள் கேட்ட மாதிரியே கேட்டார்கள். கத்தோலிக்கப் பெரிய மனிதர்களோ, இந்தக் குரு கோவில் பிள்ளைகளைச் சங்கத்துக்கு இழுத்துப் போகிறார் என்று பேராயரிடம் போய்ச் சொன்னார்கள்.

1919இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய குழுவின் பெயரே ‘இளம் தொழிற்சங்கத்தார்’ என்றுதான் இருந்தது. 1924இல் அதை இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் என்று மாற்றினார்கள். சங்கத்தை வேண்டாம் என்று சொல்வதற்காகப் பெயர் மாற்றவில்லை. பதினான்கு வயதுப் பையன் வேலையில் நுழைகிற முதல் நாளில் அவனுக்கு என்ன நடக்கிறது, காலை ரயிலில் பெரியவர்கள் அவனிடம் என்ன பேசுகிறார்கள், மேஸ்திரி புதுப்பெண்ணிடம் எப்படி நடந்துகொள்கிறான், சம்பளக் கவரை வீட்டில் யார் பிரிக்கிறார்கள், காதல், கல்யாணம், உடம்பு, பொழுதுபோக்கு என்று ஓர் இளம் தொழிலாளியின் முழு நாளையும் எடுத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். கூலி அதில் ஒரு பகுதி. சம்பளப் பேச்சுக்குச் சங்கம்தான் போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அன்று பெல்ஜியத்தில் கத்தோலிக்க இளைஞர் சங்கம் ஒன்று இருந்தது. மாணவர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் நடத்தியது. தொழிலாளிப் பிள்ளைகளும் அதிலேயே சேரட்டுமே, தனியாக எதற்கு என்பதுதான் எதிர்ப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அவருடைய பேராயர் கர்தினால் மெர்சியே கூட, இது திருச்சபைக்குள் வர்க்கப் பிரிவினையைக் கொண்டுவரும் என்று தயங்கினார். ஆனால் கார்டைனுக்கு அனுபவம் தெரியும். வக்கீல் மகனும் கரி அள்ளுகிறவன் மகனும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் யார் பேசுவார்கள், யார் நாற்காலி எடுத்துப் போடுவார்கள் என்று. அவருடைய இயக்கத்தின் வாக்கியம் இதுதான்: அவர்களிடையே, அவர்களாலேயே, அவர்களுக்காக. தலைவனும் தொழிலாளி, எழுத்தரும் தொழிலாளி, பொருளாளரும் தொழிலாளி. குரு பக்கத்தில் இருப்பார், அவ்வளவுதான்.

முட்டுக்கட்டை நீங்காத நிலையில், 1925 மார்ச்சில் ரோமுக்குப் போய்த் திருத்தந்தை பதினோராம் பத்திநாதரைச் சந்தித்தார். உழைக்கும் மக்களை மீட்பதற்காக உயிரைக் கொடுக்க விரும்புகிறேன், அதற்கு உங்கள் அனுமதி வேண்டும் என்று கேட்டார். கடைசியில் ஒருவராவது என்னிடம் வந்து மக்கள்திரளைப் பற்றிப் பேசுகிறாரே என்று திருத்தந்தை மகிழ்ந்தார் என்பதைக் கார்டைனே பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமே பிரஸ்ஸல்ஸில் முதல் தேசிய மாநாடு நடந்தது. 1927இல் பிரான்சில், பாரிஸ் அருகே கிளிஷியில், தந்தை ஜார்ஜ் கெரென் இயக்கத்தைத் தொடங்கினார். அதன்பின் நாடு நாடாகப் பரவியது.

கேள்வி: ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். எனக்கு அது சுவரொட்டி வாசகம் மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் அதை எப்படிச் செய்வது? — இளைஞர் குழுப் பொறுப்பாளர், தஞ்சாவூர்

பதில்: கார்டைன் கொடுத்த இந்த மூன்று சொல்லும் இப்போது திருச்சபை ஏடுகளில் ஏறிவிட்டன. 1961இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் தன் சுற்றுமடலில் இந்த முறையைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தார். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், குருக்கள் அல்லாத பொதுநிலையினர் பற்றிய ஏட்டில் சொன்னது. லத்தீன் அமெரிக்காவில் எத்தனையோ அடித்தளக் குழுக்கள் இதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தன. இவ்வளவு தூரம் போன சொல், சுவரொட்டி ஆவதில் ஆச்சரியமில்லை. எங்கள் குழுவில் ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன், அதிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் ஒன்பது பேர். என்னைப் போன்ற பையன்கள் நாலு பேர். அச்சான பக்கங்களின் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் திரும்பப் போடுவது பையன்கள் வேலை. விரல் நுனி எப்போதும் சாம்பல் நிறத்தில் இருக்கும். வாரம் ஒரு நாள் எட்டு மணிக்குப் பங்குக் கட்டடத்தின் பின்னறையில் கூடுவோம். அந்த வாரம் என் கூட்டாளி ஒருவன் வயிற்றுவலி என்று வரவில்லை. மூன்றாவது முறையாக.

எங்களுக்கு அப்போது ஒரு சாமியார் இருந்தார். மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் உடனே, அவனுக்காக ஜெபிப்போம், பத்து ரூபாய் வசூல் பண்ணிக் கொடுப்போம் என்றோம். அவர், “சரி, அவன் மதியம் எங்கே சாப்பிடுகிறான்?” என்று மட்டும் கேட்டார். எவனுக்கும் தெரியவில்லை. கூடவே வேலை பார்க்கிறோம், தெரியவில்லை. அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எழுந்துவிட்டார்.

பார்த்தோம். மதிய மணி அடித்தால் இருபது நிமிஷம். பின்கட்டில் ஒரே ஒரு குழாய். அதில் மிஷின்காரர்கள் மசித் துணி அலசுவார்கள். பெரியவர்கள் கழுவி முடிப்பதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். பையன்கள் நாலு பேரும் கழுவாமலே டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். நான் உட்பட. சோப்பு என்று ஒன்று அந்தக் கட்டடத்திலேயே இல்லை. இதையெல்லாம் நோட்டில் எழுதினேன். ‘கஷ்டப்படுகிறோம்’ என்று எழுதவில்லை. இருபது, ஒன்று, பத்து, நாலு என்று எழுதினேன். பார் என்பது இதுதான்.

அடுத்தது சீர்தூக்குவது. எங்களில் ஒருவன், முதலாளி கெட்டவர் என்றான். இன்னொருவன், நம் தலைவிதி என்றான். ஈயம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று அரசு மருத்துவமனையில் ஒரு கம்பவுண்டரிடம் ஒருவன் கேட்டு வந்தான். வலியும் மலச்சிக்கலும் சோகையும் அதனால் வரலாம் என்று அவர் சொன்னார். அன்றைக்கு நற்செய்தியிலிருந்து ஒரு பகுதி வாசித்தோம். கார்டைன் எழுதியதும் எங்களிடம் இருந்தது: இளம் தொழிலாளிகள் இயந்திரங்கள் அல்ல, விலங்குகள் அல்ல, அடிமைகள் அல்ல, அவர்கள் கடவுளின் பிள்ளைகள், உடன் உழைப்பாளர்கள், உரிமை வாரிசுகள். அதை நாங்கள் எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறோம். ஆனால் கழுவாத விரலோடு சோறு பிசைகிற நாலு பேரை மனதில் வைத்துக்கொண்டு அன்று கேட்டபோது அறையில் பேச்சே இல்லை. கடவுளின் பிள்ளைக்கு ஒரு சோப்புக் கட்டி கிடையாதா என்று வயிற்றுவலிக்காரன்தான் முதலில் வாய் திறந்தான். அன்றைக்கு வந்திருந்தான்.

செயல்படுவது பெரிய விஷயமாக இல்லை. மூத்த கம்பாசிட்டர் ஒருவரிடம் நோட்டைக் காட்டினோம். அவர் படித்துவிட்டு, மணி அடித்ததும் பையன்கள் முதலில் கழுவட்டும் என்று மற்றப் பெரியவர்களிடம் பேசினார். முதலாளியிடம் அவரும் நாங்கள் இருவரும் போனோம். சோப்பு கிடைத்தது. நேரம் கூட்டித் தரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். இரண்டாவது குழாய் நான் வேலையை விடும்வரை வரவில்லை. மறு மாதம் மீண்டும் பார்த்தோம், சோப்பு இருக்கிறதா என்று. இரண்டு வாரத்தில் தீர்ந்து, யாரும் மறுபடி கேட்காமல் விட்டிருந்தார்கள். திரும்ப ஆரம்பித்தோம்.

அதனால் உங்கள் குழுவுக்கு நான் சொல்வது: ‘இன்றைய இளைஞர்களின் சவால்கள்’ போன்ற தலைப்பைத் தூக்கிப் போடுங்கள். இந்த வாரம் வராத பையன் எங்கே சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். பொறுப்பாளருக்கு இதுதான் மிகக் கடினம். எனக்கும் அந்த இடத்துக்கு வந்தபின் கடினமாகத்தான் இருந்தது.

கேள்வி: அவர் சிறையில் இருந்தாரா? எதற்காக? — கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இரண்டு உலகப்போரிலும் இருந்தார். முதல் போரில் பெல்ஜியத்தைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள், பெல்ஜியத் தொழிலாளர்களை ஜெர்மனிக்கு வேலைக்காகக் கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். கார்டைன் அதை வெளிப்படையாக எதிர்த்தார். 1916 டிசம்பரில் கைது. வெளியே வந்து 1918இல் மீண்டும் கைது, போர் முடிந்ததும் விடுதலை. இரண்டாம் போரில் 1942இல் பிடித்துப் போனார்கள், சில மாதங்களில் விட்டார்கள்.

அவர் திரும்பி வந்தார். டோனேயும் கார்சேயும் வரவில்லை. முதல் நாளிலிருந்து கூட நின்ற அந்த இருவரும் 1945இன் தொடக்கத்தில் டாக்காவ் வதைமுகாமில் செத்துப்போனார்கள். போர் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. கார்டைனைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இந்த இருவரையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் இங்கே அதற்கு மேல் எழுத இடமில்லாமல் நிற்கிறேன். அவர்களுக்காக ஒரு தனிப் பக்கம் எழுதுவேன்.

கேள்வி: அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்துவிட்டதா? — ஒரு பாட்டி, தூத்துக்குடி

பதில்: இன்னும் இல்லை அம்மா. 2014இல் அதற்கான பணிகள் தொடங்கின. 1965இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார், அப்போது அவருக்கு வயது 82. அந்த வருடம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கடைசி அமர்வில் மத சுதந்திரத்துக்கு ஆதரவாகப் பேசினார். 1967 ஜூலை 24 அன்று இறந்தார். பெல்ஜிய அரச குடும்பத்தின் கல்லறைகள் இருக்கிற லாக்கன் அன்னை ஆலயத்தில்தான் அவரையும் அடக்கம் செய்தார்கள். அரசர்கள் கீழறையில் இருக்கிற அதே கோவிலில் நிலக்கரி வியாபாரியின் மகனும் இருக்கிறார்.

ஆனால் அவருடைய இயக்கத்துப் பையன் ஒருவர், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் ஆகிவிட்டார். மார்செல் காலோ. பிரான்சில் ரென் நகரத்துக்காரர். பதின்மூன்று வயதில் அச்சகத்தில் சேர்ந்தவர். 1943இல் கட்டாய வேலைக்கு ஜெர்மனி அனுப்பப்பட்டார். அங்கே சக தொழிலாளர்களோடு சேர்ந்து ஜெபக்கூட்டமும் உதவிகளும் நடத்தினார் என்பதற்காகக் கைது செய்தார்கள். 1945 மார்ச் 19 அன்று மௌட்ஹவுசன் முகாமில் இறந்தார். 23 வயது. 1987இல் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார். சூசையப்பர் திருநாள் அன்று இறந்த அச்சகப் பையன். என் ஜெபப் புத்தகத்துக்குள் அவர் படம் ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் பேரப்பிள்ளை யாராவது வேலைக்குப் போகிறார்கள் என்றால் அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். எனக்கு முதலாளி யார் என்றே தெரியாது, ஃபோன்தான் வேலை கொடுக்கிறது, ஃபோன்தான் நிறுத்துகிறது. கூட வேலை செய்பவன் பெயர்கூடத் தெரியாது. ஆலை காலத்துச் சாமியார் சொன்னது எனக்கு என்ன ஆகப்போகிறது? — பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நான் நாலு முறை படித்தேன். கூட வேலை செய்பவன் பெயர் தெரியாது என்ற வரியில் நின்றுவிட்டேன்.

1957 ஆகஸ்டில் உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 30,000 இளம் தொழிலாளிகள் ரோமில் கூடினார்கள். கார்டைனுக்கு அப்போது 74 வயது. ஆனால் லாக்கனில் அவர் ஆரம்பித்தது நாலைந்து பேரோடுதான். அந்த நாலைந்து பேரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்களாகவே பட்டறைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தவர்கள். பட்டறைகள் சின்னச் சின்னதாக, தனித்தனியாக இருந்தன. தையல் பெண்களில் பலர் துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்தார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. எந்தத் துணி எந்தக் கடைக்குப் போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது. உங்கள் வேலையும் அவர்கள் வேலையும் நீங்கள் நினைக்கிற அளவு தூரத்தில் இல்லை.

ஆர்டருக்காக நீங்கள் எல்லோரும் காத்து நிற்கிற இடம் ஒன்று இருக்கும். ஒரு மரத்தடி, ஒரு ஓட்டல் வாசல். இந்த வாரம் அங்கே மூன்று பேருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஊர், வண்டி சொந்தமா கடனா என்று கேளுங்கள். பிறகு ஒரு நோட்டில், ஃபோனில் வேண்டாம், நோட்டில் எழுதுங்கள்: காலையில் முதல் ஆர்டர் எத்தனை மணிக்கு வந்தது, கடைசி ஆர்டரைக் கொடுத்தது எத்தனை மணிக்கு, அதில் சும்மா காத்திருந்த நேரம் எவ்வளவு. பெட்ரோல் போக மிச்சம் எவ்வளவு. தண்ணீர் எங்கே குடித்தீர்கள், ஒன்றுக்குப் போக எங்கே போனீர்கள், மழை பெய்தபோது எங்கே ஒதுங்கினீர்கள். யாராவது விழுந்து அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுத்தார்கள். ஏழு நாளுக்கு எழுதுங்கள். அந்த மூன்று பேரையும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் நாலு பேரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து நாலு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதில் என்ன தெரிகிறதோ அதை எனக்கு எழுதுங்கள். பெயர் போடமாட்டேன். உங்கள் பக்கம் சங்கம் ஏதாவது இருந்தால் யாரைப் பார்க்கலாம் என்று கோவைத் தோழரிடம் விசாரித்து வைக்கிறேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.